கோல்ட் ஃபிஷ் தொட்டிக்குள்ள ரெண்டு ஆமை: ஒண்டா வளர்க்கலாமா டொக்டர்?

வெள்ளவத்தையில நாலாம் மாடி ஃபிளாட் ஒண்டில இருக்கிற ஒரு அம்மா எழுதியிருக்கிறா. பேர், ஒழுங்கை எல்லாத்தையும் எடுத்துப்போட்டு விசயத்தை மட்டும் சொல்லுறன்.

10 வயசு மகனுக்குப் பிறந்தநாளுக்கு ஒரு மூண்டடித் தொட்டி வாங்கிக் குடுத்திருக்கினம். 36 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரம். முதல்ல நாலு கோல்ட் ஃபிஷ், பிறகு ஒரு ஃபைட்டர் மீன், பிறகு கண்ணாடியைத் துப்புரவாக்கும் எண்டு ஒரு டாங்க் கிளீனர் மீன். ரெண்டு மாசத்துக்கு முந்தி அவவின்ர கணவர் கண்ணுக்குப் பின்னால, காதுப் பக்கம், சிவப்புக் கோடு இருக்கிற ரெண்டங்குல ஆமைக்குஞ்சு ஒண்டை வாங்கி வந்திருக்கிறார். போன மாசம் வவுனியாவில இருந்து வந்த தம்பி, மழைக்குப் பிறகு வயல் வரம்பில பிடிச்ச இன்னொரு சின்ன ஆமையை ரெஜிபோம் பெட்டியில போட்டுக் கொண்டுவந்து குடுத்திருக்கிறார். எல்லாம் அதே தொட்டிக்குள்ளதான். கடைக்காரர் "சின்னனில இருந்தே ஒண்டா வளந்தா பழகிடும்" எண்டு சொன்னாராம். இப்ப ஒரு கோல்ட் ஃபிஷ் செத்துப்போச்சு, இன்னொண்டுக்கு வால் பாதி இல்ல, ஃபைட்டர் ஃபில்டருக்குப் பின்னால ஒளிச்சிருக்கு, சிவப்புக் காது ஆமைக்கு ரெண்டு கண்ணும் வீங்கியிருக்கு. ஞாயிற்றுக்கிழமையில தண்ணி முழுக்க இறைச்சு, கல், ஃபில்டர் ஸ்பொஞ்ச் எல்லாத்தையும் பைப்பில கழுவி, திரும்ப நிரப்புறாவாம், "இவ்வளவு சுத்தமா வைச்சும் ஏன் டொக்டர்?" எண்டு கேட்டிருக்கிறா.

கேள்வி மூண்டு. நடுவில கண்ணாடித் தடுப்புப் போட்டா சரிவருமா? வீட்டில 3 வயசு மகளும் சீனி வருத்தம் இருக்கிற மாமியும் இருக்கினம், ஆமையால வருத்தம் ஏதும் வருமா? (மாமி "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" எண்டு நாளாந்தம் சொல்லுறாவாம்.) சரிவராட்டி ஆமையளைக் கால்வாயிலயோ கோயில் கேணியிலயோ விடலாமா, சட்டப் பிரச்சினை ஏதும் வருமா?

தங்கச்சி, முதல்ல நேரா சொல்லிப்போடுறன். நீங்கள் வைச்சிருக்கிற இந்த அஞ்சு விதமான சீவன்களும் ஒரு தொட்டியில இருக்க ஏலாது. தடுப்புப் போட்டாலும் ஏலாது. பழகிடும் எண்ட கதையை நான் கிளினிக்கில அடிக்கடி கேக்கிறன், அதைச் சொல்லுறவை ஒருத்தரும் பிறகு அந்த மீனைப் பாக்க வாறேல்ல. ஆமைக்கு மீனோட சிநேகிதம் எண்டு ஒண்டு இல்ல. ரெண்டங்குலத்தில அது மீனைப் பிடிக்காம இருக்கிறது ஓட ஏலாததால, மனசு இரங்கி இல்ல. அதிலயும் சிவப்புக் காது ஆமை குஞ்சில இருக்கேக்கதான் கூடுதலா இறைச்சி தின்னும், வளர வளரத்தான் இலை குழை பக்கம் போகும். கோல்ட் ஃபிஷ் எண்டா மெதுவா நீந்துற, வால் பெருத்த, இராவில ஒரு மூலையில அசையாம நிக்கிற மீன். அப்ப அந்த வாலுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

ஆனா ஒண்டை வடிவாப் பாருங்கோ. வால் விளிம்பு பிறை மாதிரி வெட்டுப்பட்டு இருந்தா அது கடி. நூல் நூலா பிஞ்சு, ஓரம் வெள்ளையாக் கிடந்தா அது வால் அழுகல், அதுக்குக் காரணம் அழுக்குத் தண்ணி. நீங்கள் அனுப்பின படத்தில எனக்கு ரெண்டும் தெரியுது.

"இவ்வளவு சுத்தமா வைச்சும் ஏன்?"

இதுதான் உங்கட கடிதத்தில நான் கூட நேரம் யோசிச்ச இடம், ஏனெண்டா ஆர் ஆரைக் கடிக்கிறது எண்டுதான் எல்லாரும் பாக்கினம், தண்ணியை ஒருத்தரும் பாக்கிறேல்ல. மீனும் ஆமையும் கழிக்கிறதில இருந்து அமோனியா வருது. அது கண்ணுக்குத் தெரியாது, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கேக்கயே மீனின்ர செவுளை எரிச்சுப்போடும். இந்த அமோனியாவை நைத்திரைற்றாக்கி, பிறகு அதைக் கெடுதி குறைஞ்ச நைத்திரேற்றாக்கிறது ஃபில்டர் ஸ்பொஞ்சிலயும் கல்லிலயும் குடியிருக்கிற நல்ல பற்றீரியா. அது ஒரு புதுத் தொட்டியில வடிவா வளந்து வர 4 தொடக்கம் 6 கிழமை எடுக்கும். நீங்கள் கிழமைக்கு ஒருக்கா ஸ்பொஞ்சைப் பைப் தண்ணியில கழுவுறீங்கள், பைப் தண்ணியில குளோரின் இருக்கு, குளோரின் போடுறதே பற்றீரியாவைக் கொல்லத்தான். அப்ப உங்கட தொட்டி எப்பவும் புதுத் தொட்டிதான், ஒரு நாளும் அது நிலைக்கு வரேல்ல. அதுக்கு மேல ஆமையள் ரெண்டு. ஒரு சின்ன ஆமை கழிக்கிறது கன மீனுக்குச் சமன். அமோனியா சூடான தண்ணியில இன்னும் நஞ்சு, கொழும்பில தொட்டித் தண்ணி பகலில 28, 30 பாகைக்கு வந்திடும். செத்த கோல்ட் ஃபிஷ்ஷில கடிகாயம் ஒண்டும் இல்ல எண்டு எழுதியிருக்கிறீங்கள். என்ர கணிப்பு, அது தண்ணியாலதான் செத்திருக்கு.

இனிமேல் முழுத் தண்ணியையும் மாத்தாதேங்கோ. கிழமைக்கு கால்வாசி, கூடினா மூண்டிலொண்டு காணும். ஸ்பொஞ்சை, தொட்டியில இருந்து இறைச்ச அதே பழைய தண்ணியில மெதுவாப் பிழிஞ்சு எடுங்கோ. புதுத் தண்ணியை முதல் நாளே வாளியில பிடிச்சு, மூடாம வைச்சு, அடுத்த நாள் ஊத்துங்கோ, இல்லாட்டி கடையில விக்கிற குளோரின் நீக்கிற மருந்து சில துளி. ஒரு அமோனியா ரெஸ்ட் கிட் வாங்கி வையுங்கோ, அதில பூச்சியம் காட்டவேணும். இன்னொரு மீன் வாங்கிற காசை அதில போடுறது நல்லம்.

மீன்களுக்குள்ளயும் சேர்த்தி இல்ல

ஆமையள் போன பிறகும் மிச்ச மூண்டு சாதி மீனும் ஒண்டோட ஒண்டு ஒத்துவராது. கோல்ட் ஃபிஷ் குளிர் தண்ணி மீன், அதுக்கு 18 தொடக்கம் 24 பாகை நல்லம். கொழும்புச் சூட்டில அது உயிர் வாழும், ஆனா கஷ்டப்பட்டுத்தான். 20 பாகைத் தண்ணியில லீட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில ஒட்சிசன் கரையும், 30 பாகைக்குப் போனா அது ஏழரை அளவுக்கு இறங்கிடும். பின்னேரத்தில உங்கட கோல்ட் ஃபிஷ் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதெண்டா அது பசியில இல்ல, மூச்சுக்கு. எயார் பம்பை 24 மணித்தியாலமும் ஓட விடுங்கோ, கரண்ட் பில்லுக்குப் பயந்து பகலில நிப்பாட்டாதேங்கோ, அது இழுக்கிற கரண்ட் மிகக் கொஞ்சம்.

ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்துச் சேற்றுத் தண்ணி மீன், அது மேல வந்து காத்தையே மூச்சாக எடுக்கும், ஓட்டமில்லாத வெதுவெதுப்பான தண்ணிதான் அதுக்குச் சுகம். கோல்ட் ஃபிஷ்ஷுக்குத் தேவையான பலமான ஃபில்டர் ஓட்டத்தில அந்த நீளச் செட்டையோட அது களைச்சுப்போகும். ஒளிச்சிருக்கிறதுக்குக் காரணம் பயம் பாதி, களைப்பு பாதி. அதுக்கு ஒரு 20 லீட்டர் சின்னத் தொட்டி, மூடியோட (பாய்ஞ்சு வெளிய விழும்), தனிய. தனிய விட்டா பாவம் எண்டு மகன் சொல்லுவான். ஃபைட்டருக்குத் தனிமை ஒரு பிரச்சினையே இல்ல எண்டு சொல்லுங்கோ.

டாங்க் கிளீனரைப் பற்றிச் சொன்னா கடைக்காரருக்கு என்னில கோவம் வரும். தென்னமெரிக்காவில இருந்து வந்த மீன் அது, பாசியைச் சுரண்டும், உண்மைதான், ஆனா மீன் கழிவைத் தின்னாது, தானே கன கழிக்கும். வளந்தா ஒரு அடிக்கு மேல. அதோட இராவில கோல்ட் ஃபிஷ்ஷின்ர உடம்பில ஒட்டி, தோலுக்கு மேல இருக்கிற வழுவழுப்பை உறிஞ்சும், அந்த இடம் பிறகு புண்ணாகும். ஆமை அதைப் பிடிச்சா அது செட்டை முள்ளை விரிச்சு ஆமையின்ர தொண்டையில சிக்கும், ரெண்டுக்கும் நட்டம். அதைக் கடைக்குத் திருப்பிக் குடுக்கப் பாருங்கோ. அவர் காசு தரமாட்டார், சும்மா எண்டாலும் குடுங்கோ.

அப்ப உங்கட மூண்டடித் தொட்டி, தண்ணி நிரம்பினா கிட்டத்தட்ட 150 லீட்டர் வரும், மிச்சமிருக்கிற மூண்டு கோல்ட் ஃபிஷ்ஷுக்கு மட்டுமட்டாக் காணும். வால் போனதை ரெண்டு கிழமைக்குத் தனி வாளியில, காத்துக் குழாயோட, லீட்டருக்கு 1 கிராம் கறியுப்புப் போட்டு, தினமும் பாதித் தண்ணி மாத்தி வைச்சிருங்கோ. செட்டை திரும்ப வளரும், அடிவேர் மட்டும் தப்பியிருந்தா. பிற்காலத்தில கோல்ட் ஃபிஷ் இல்லாம வேற மீன் வளர்க்க விருப்பமெண்டா, இந்தச் சூட்டுக்கும் களனி கங்கைத் தண்ணியின்ர மென்மைக்கும் பொருந்துற எங்கட நாட்டு மீனே இருக்கு, லே தித்தையா, புலத் ஹபயா எண்டு கடையில கேட்டாத் தெரியும். பண்ணையில பெருக்கினதா எண்டு கேட்டு வாங்குங்கோ, ஆத்தில பிடிச்சது வேண்டாம். அதுகள் கூட்டமா ஒரே தொட்டியில சண்டையில்லாம இருக்கும். "ஒண்டா வளர்க்க வேணும்" எண்ட மகன்ர ஆசைக்கு அதுதான் சரியான வழி.

சிவப்புக் காது ஆமை: வைச்சிருக்கிறதெண்டா

தடுப்புப் போட ஏலாது எண்டு ஏன் சொன்னன் எண்டா தடுப்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறது ஒரே தண்ணி, ஒரே அமோனியா. அதைவிட ஆமைக்கு ஏறிக் காய ஒரு இடம் வேணும், அந்த இடத்தில 32 பாகைக்கு மேல சூடு வேணும், யூ.வி.பி. வெளிச்சம் (வெயிலில இருக்கிற ஒரு புற ஊதாக் கதிர்) வேணும். அது இல்லாட்டி சாப்பாட்டில இருக்கிற கல்சியத்தை உடம்பு எடுக்காது, ஓடு மெதுமையாகி வளையும். ஜன்னலுக்குப் பக்கத்தில வெயில் படுதுதானே எண்டு எழுதியிருக்கிறீங்கள், ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறிச்சுப்போடும், வெளிச்சம் வரும், பிரயோசனம் இல்ல. ஒண்டில் யூ.வி.பி. பல்ப், இல்லாட்டி பல்கனியில நேர் வெயில்.

பல்கனியில வைக்கிறதெண்டா மூண்டு விசயம் கவனம். பாதி இடம் நிழலா இருக்கவேணும், சின்ன பேசினில நடு மத்தியான வெயில் எண்டா கொஞ்ச நேரத்தில தண்ணி கொதிச்சு ஆமை செத்திடும். மேல வலை அடியுங்கோ, கொழும்புக் காகம் ரெண்டங்குல ஆமையை விட்டு வைக்காது. மூண்டாவது நுளம்பு. ஓட்டமில்லாத தண்ணியைப் பல்கனியில வைச்சிருந்தா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா சும்மா போகமாட்டார், 2007இல வந்த நுளம்புச் சட்டத்தில வழக்கே போடலாம். ஃபில்டர் ஓடுற தண்ணியில நுளம்பு முட்டை இடுறது குறைவு, தண்ணியை ஒழுங்கா மாத்துங்கோ, மழைத் தண்ணி தேங்குற தட்டு கிட்டு பக்கத்தில வைக்காதேங்கோ.

கண் வீக்கத்துக்கு வருவம். நீங்கள் குடுக்கிறது கூனி மட்டும். குஞ்சாமை அதை ஆசையாத் தின்னும், ஆனா அதில விற்றமின் ஏ காணாது, கண் வீங்குறதுக்கு நான் முதல்ல நினைக்கிற காரணம் அதுதான், ரெண்டாவது அழுக்குத் தண்ணி. ஆமைக்கெண்டு விக்கிற பெலட் பாதி, மிச்சம் கங்குங், துருவின கரட், பூசணி, கிழமைக்கு ரெண்டு தரம் உப்பில்லாத சின்ன மீன் துண்டு. கோல்ட் ஃபிஷ்ஷை உயிரோட போடுறது மட்டும் வேண்டாம். சில பேர் அதை ஒரு வேடிக்கையாச் செய்யினம். கோல்ட் ஃபிஷ்ஷில விற்றமின் பி1ஐ அழிக்கிற நொதியம் இருக்கு, அதையே தின்னுற ஆமைக்கு நரம்புத் தளர்ச்சி வரும். கல்சியத்துக்கு மீன் சந்தையில கணவாய் ஓடு கேட்டு வாங்கி, கழுவிக் காயவைச்சு, ஒரு துண்டு தொட்டியில மிதக்க விடுங்கோ, கொறிச்சுக்கொண்டு இருக்கும். ஃபார்மசியில விற்றமின் துளி வாங்கி நீங்களாக் கண்ணில விட வேண்டாம். விற்றமின் ஏ கூடினாலும் தோல் உரியும்.

இனி உண்மையான கணக்கு. ஓட்டின்ர ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லீட்டர் அளவு தண்ணி. இப்ப 80 லீட்டர் பேசின் ஒண்டு காணும். ஆனா பெண் ஆமை எண்டா 10, 11 அங்குலம் வரும், 400 லீட்டர். வடிவாப் பாத்தா 30 வருசம் இருக்கும். மகன் 40 வயசிலயும் இந்த ஆமைக்குத் தண்ணி மாத்த வேணும், அல்லது நீங்கள் மாத்த வேணும். இதைக் கணவரோட இருந்து கதைச்சு முடிவெடுங்கோ. வைச்சிருக்க ஏலாட்டி அதில குற்றம் இல்ல, தோட்டமும் தொட்டியும் இருக்கிற, ஏற்கெனவே இந்த ஆமை வளர்க்கிற ஆரிட்டயாவது குடுக்கலாம்.

மகளுக்கும் மாமிக்கும்

மாமி சொல்லுற பழமொழிக்கு என்னட்ட மருந்து இல்ல, ஆனா அவவின்ர பயத்தில ஒரு உண்மை இருக்கு. ஆமை நோய் ஒண்டும் இல்லாம சுகதேகியா இருக்கேக்கயே சல்மொனெல்லா கிருமியைக் கழிவோட வெளிய விடும். 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள், வயசானவை, கர்ப்பிணியள், சீனி வருத்தம் மாதிரி நோய் எதிர்ப்புக் குறைஞ்சவை, இவைக்குத்தான் அது கடுமையா வரும். அமெரிக்காவில 1975இல நாலங்குலத்துக்குச் சின்ன ஆமையளைச் செல்லப்பிராணியா விக்கிறதையே தடை செய்தது இதாலதான், பிள்ளையள் அதைக் கையில பிடிச்சு வாயில வைச்சு வருத்தம் வந்து. உங்கட ஆமை அந்த அளவுதான்.

அப்ப 3 வயசு மகள் ஆமையைத் தொடவே கூடாது, மாமி தண்ணி மாத்த உதவி செய்யவும் வேண்டாம். மகன் தொடலாம், தொட்டவுடன சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேணும், முத்தம் குடுக்கிற வேலை இல்ல. ஆமைத் தண்ணியைக் குசினி சிங்கில ஊத்தாதேங்கோ, அங்க பேசினைக் கழுவவும் வேண்டாம் (நீங்கள் அங்கதான் கழுவுறீங்கள் எண்டு கடிதத்தில இருந்து விளங்குது). ரொய்லட்டில ஊத்துங்கோ, அதுக்கெண்டு தனி வாளி, தனி பிரஷ். வீட்டில ஆருக்காவது காய்ச்சலோட வயித்தோட்டம் வந்தா டொக்டரிட்ட "வீட்டில ஆமை இருக்கு" எண்டு சொல்லுங்கோ, அவர் கேக்கமாட்டார், நீங்கள்தான் சொல்லவேணும். இவ்வளவு ஒழுங்கும் உங்கட ஃபிளாட்டில நடக்காது எண்டு பட்டா, மகளுக்கு 5 வயசு தாண்டும் வரைக்கும் ஆமை வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

தம்பி கொண்டுவந்த ஆமை

இது வேற கதை. படத்தில பண்டி மூக்கு மாதிரி நீண்ட மூக்கு, நீளக் கழுத்து, காலை உள்ள இழுத்தா அடியில தோல் மடிப்பு வந்து மூடுது எண்டும் எழுதியிருக்கிறீங்கள். அது பாலாமை. சிங்களத்தில கிரி இப்பா எண்டு சொல்லுவினம். இலங்கையில மட்டுமே இருக்கிற இனம். 1937ஆம் ஆண்டு வந்து பிறகு பல தரம் திருத்தின வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில அது பாதுகாக்கப்பட்ட சீவன், அனுமதியில்லாம பிடிக்கிறதும் வீட்டில வைச்சிருக்கிறதும் குற்றம். "காசு குடுத்து வாங்கேல்ல, தம்பி சும்மா தந்தது" எண்டு எழுதியிருக்கிறீங்கள், அந்த நியாயம் இங்க எடுபடாது. தெரியாமச் செய்தது எண்டுறதும் முழுசாக் காப்பாத்தாது.

நான் மிருக வைத்தியர், சட்டத்தரணி இல்ல, அதால வழக்கு எப்பிடிப் போகும் எண்டு வாக்குக் குடுக்கமாட்டன். ஆனா நீங்களாவே பத்தரமுல்லையில இருக்கிற வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிச்சு ஒப்படைக்கிறது, பக்கத்து ஃபிளாட்காரர் முறைப்பாடு குடுத்து அவை உங்கட வாசலுக்கு வாறதை விட எவ்வளவோ மேல். எங்க, எப்ப பிடிச்சது எண்டு தம்பியிட்டக் கேட்டு எழுதி வையுங்கோ, திரும்ப விடுறதுக்கு அந்த இடம் அவைக்குத் தேவைப்படும். தம்பி "நானே பஸ்ஸில கொண்டுபோய் வயலில விடுறன்" எண்டு சொன்னா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அனுமதியில்லாமக் கொண்டுதிரியிறதும் பிரச்சினைதான், அதைவிட ஒரு மாசம் வெளிநாட்டு ஆமையோட ஒரே தண்ணியில இருந்தது, என்ன கிருமி ஏறியிருக்கும் எண்டு பாக்காம வயலில விடுறது மற்ற ஆமையளுக்கு ஆபத்து. ஒப்படைக்கும் வரைக்கும் தனி பேசினில, நாலு விரக்கடை தண்ணி, ஒரு பக்கம் ஈர மண் போட்டு, மூடி வையுங்கோ. கையைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், அந்தக் கழுத்து நீங்கள் நினைக்கிறதை விட நீளம், கடிச்சா லேசில விடாது.

கால்வாயும் கேணியும்

ரெண்டும் வேண்டாம். சிவப்புக் காது ஆமை மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து ஆமை, உலகத்தில மோசமாப் பரவுற 100 அந்நிய இனங்கள் எண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். போட்ட பட்டியலில இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 1997இலயே அதை இறக்குமதி செய்யிறதை நிப்பாட்டினது. வெள்ளவத்தைக் கால்வாய் கிருலப்பனைப் பக்கத்தால தியவன்னா வாவி வரைக்கும் தொடுத்துக் கிடக்கு, அங்க விட்டா அது எங்கட பாலாமையின்ர சாப்பாட்டையும் வெயில் காயுற இடத்தையும் பிடிச்சுக்கொள்ளும். டாங்க் கிளீனரும் நைஃப் ஃபிஷ்ஷும் எங்கட குளத்துக்கும் கங்கைக்கும் போனது இப்பிடி வளர்த்து அலுத்துப்போன ஆக்களாலதான். கோயில் கேணியில விட்டா புண்ணியம் எண்டு நினைக்கிறவை கன பேர். கேணியில கட்டுச் சுவர், ஏறிக் காய இடமில்ல, அவல், பொரி, பாண் துண்டு மட்டும் சாப்பாடு, அங்க ஓடு வளைஞ்ச ஆமையளைத்தான் நான் கண்டிருக்கிறன்.

இண்டைக்குப் பின்னேரமே செய்யவேண்டியது ரெண்டு ஆமையையும் தொட்டியில இருந்து எடுத்து வேற வேற பேசினில போடுறது, மற்றதெல்லாம் இந்தக் கிழமைக்குள்ள. சிவப்புக் காது ஆமைக்குக் கண் திறக்க ஏலாம இருந்தா அதுக்குச் சாப்பாடு தெரியாது, பட்டினி கிடக்கும், அதால அதை மட்டும் தள்ளிப்போடாம மிருக வைத்தியர் ஒருத்தரிட்டக் காட்டுங்கோ. கொண்டுபோகேக்கத் தண்ணிப் பையில போட வேண்டாம், மூடியில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில ஈரத் துவாய் விரிச்சு வைச்சாக் காணும், வாகனத்தில ஏசிக் காத்து நேராப் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ.